சம்பளமும் வேளாண்மையும்: கல்முனைக் கரையில் உபதொழிலின் வரலாறு

ஒரு பிரதேசத்தின் பொருளாதார வரலாற்றை எழுதப் புகுவோர் அங்கு வாழ்வோரைத் தொழிலடிப்படையில் வகுத்துக்கொண்டே தமது ஆய்வைத் தொடங்குவது வழக்கம். விவசாயிகள் இத்தனைபேர், மீனவர் இத்தனைபேர், நெசவாளர் இத்தனைபேர், அரசாங்க உத்தியோகத்தர் இத்தனைபேர் எனக் குடிசன மதிப்பீட்டு அட்டவணைகள் அவர்களுக்கு வழிகாட்டுகின்றன. ஒருவருக்கு ஒரு தொழில் என்பதே இவ்வட்டவணைகளின் அடிப்படையாகும். மட்டக்களப்பின் தென்பாகமாக இருந்து 1961இல் அம்பாறை மாவட்டமாகப் பிரிந்த நிலப்பரப்பின் கரையோரத்திலே, மருதமுனை தொடக்கம் அக்கரைப்பற்று வரையுள்ள முஸ்லிம் ஊர்களைப் பொறுத்தவரையில் இவ்வடிப்படை பெரிதும் பொருந்துவதில்லை. காலையில் கரும்பலகையின் முன் நிற்பவர் மாலையில் வரம்பில் நிற்பார். மாரியில் புல்லுப் பிடுங்கியவர் கோடையில் கரைவலை இழுப்பார். இவர்களை எந்த நிரலில் எழுதுவது?

இவ்வினாவுக்கு வழக்கமாக அளிக்கப்படும் விடை ‘உபதொழில்’ என்பதாகும். முழுநேரத் தொழில் ஒன்று. அதன் ஓரத்தில் மேலதிக வருமானத்துக்காகச் செய்யப்படுவது மற்றொன்று. எளிமையான இச்சொல் இரண்டு விடயங்களை மறைத்துவிடுகின்றது என்பதே என் கருத்து. எது முதன்மை, எது உபம் என்பது காலந்தோறும் மாறிவந்துள்ளது என்பது ஒன்று. ஒருவரது மேலதிக வருமானம் எவருடைய நிலத்திலிருந்தும் எவருடைய கைகளிலிருந்தும் வந்தது என்பது மற்றொன்று.

இவ்விடயத்தில் என்னை ஈடுபடுத்தியது நூலன்று, ஒரு சீ.ஆர். கொப்பி. என் வாப்பா ஆசிரியர். அவரது பழைய கொப்பியொன்றின் முன்பக்கத்திலிருந்து பாடக்குறிப்புகள் எழுதப்பட்டுள்ளன. அதையே தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து விரித்தால் வேளாண்மைக் கணக்கு. உழவுக் கூலி, விதைநெல், பசளை, புல்லெண்ணெய், வெட்டுக்கூலி என்று அது நீள்கின்றது. இரண்டும் கொப்பியின் நடுவே ஏறத்தாழச் சந்தித்துக்கொள்கின்றன. இக்கொப்பியின் வரலாறு எங்கே தொடங்குகின்றது என ஆராயப் புகுந்தபோது நான் முதலில் வந்து சேர்ந்த இடம் கல்முனையன்று. நாம் கல்வி பயிலும் பேராதனையின் அயலேயாகும்.

மகாவலிக்கு அப்பால் தெரியும் கன்னொருவையில், 1820களின் நடுப்பகுதியில், தேசாதிபதியாயிருந்த எட்வேர்ட் பாண்ஸ் தாமே ஒரு கோப்பித் தோட்டத்தை உண்டாக்கினார். நாட்டை ஆளும் முழுநேர அலுவலுடன் தோட்டமும் செய்த அவரை இந்நாட்டு உபதொழிலாளரின் தலைமகனென விளையாட்டாகக் கூறலாம். ஆயின் அவரைத் தொடர்ந்து நிகழ்ந்தது விளையாட்டன்று. கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரைகளையொட்டி 1833 அளவில் சிவில் சேவையாளரின் சம்பளங்கள் குறைக்கப்பட்டன. ஓய்வூதிய வசதியும் அகற்றப்பட்டது. சம்பளத்தில் இழந்ததைப் பயிர்ச்செய்கையில் தேடிக்கொள்ள அவர்களுக்குத் தடையிருக்கவில்லை. கோப்பியின் விலை உயர்ந்த 1830களின் பிற்பகுதியிலும் 1840களின் தொடக்கத்திலும் நிருவாகிகளும் நீதிபதிகளும் இராணுவத்தினரும் மலைநாட்டில் முடிக்குரிய காணிகளை வாங்கித் தோட்டக்காரராயினர். குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த பிலிப் அன்ஸ்ருதர் அவர்களுள் பெருந் தோட்டக்காரர்களில் ஒருவர்.

காணியின் ஆரம்ப விலை ஏக்கருக்கு ஐந்து ஷிலிங். காணியை அளந்து ஒதுக்கும் உத்தியோகத்தரே காணியை வாங்கும் வாடிக்கையாளராகவும் இருந்தார். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமையை எழுத்தில் நிலைநாட்ட முடியாத காட்டு நிலங்களையும் சேனை நிலங்களையும் முடிக்குரியனவெனக் கொண்டது. சேனை வெட்டி வாழ்ந்த கண்டிக் கிராமத்தவரின் நிலம் இவ்வாறாக ஓர் உத்தியோகத்தரின் மேலதிக வருமானத்துக்கு மூலதனமாயிற்று. அலுவலகங்களில் கருமங்கள் தேங்கியதையும் ஊழல் பெருகியதையும் கண்ட பிரித்தானியக் குடியேற்ற நாட்டு அமைச்சர் ஸ்ரான்லிப் பிரபு, 1845 அளவில் இதற்கு முற்றுப்புள்ளி வைத்தார். சம்பளம் உயர்த்தப்பட்டது; ஓய்வூதியம் மீண்டும் வழங்கப்பட்டது; பயிர்ச்செய்கையும் வாணிபமும் தடுக்கப்பட்டன. உத்தியோகத்தரின் நேரம் அரசுக்குரியது, அனுமதியின்றி அவர் ஊதியம் பெறும் பிறிதொரு தொழிலில் ஈடுபடலாகாது என்று இன்றைய தாபனக் கோவை வற்புறுத்தும் கொள்கையின் பின்னணியில் இவ்வனுபவமும் உண்டு என்பது மறக்கற்பாலதன்று. அரசு கவனித்தது உத்தியோகத்தரின் நேரத்தையே. சேனையை இழந்த கிராமத்தவரை அன்று.

இனிக் கல்முனைக் கரைக்கு வருவோம்.

பழைய நிருவாகப் பிரிவுகளின்படி இது கரைவாகு, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று ஆகிய பற்றுகளை உள்ளடக்கிய பகுதி. கிழக்கே கடல், அதையடுத்து மணற்றிட்டில் நெருங்கிய ஊர்கள், அவற்றின் மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வயல் வட்டைகள். வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இங்கு மழை பொழிகின்றது. மாரி வேளாண்மை நடைபெறுகின்றது. கடல் கொந்தளிப்பதால் கரைவலைத் தொழில் ஓய்ந்துவிடுகின்றது. பங்குனி பிறந்து கடல் அடங்கியதும் வலைகள் மீண்டும் இறங்குகின்றன. வயலும் கடலும் ஒன்றன் ஓய்வில் மற்றது எழும் இவ்வமைப்பிலே, நிலமற்ற கூலியாளுக்கு ஒரு தொழில் என்பது என்றுமே இருந்ததில்லை. அவன் இரண்டு தொழில் செய்ததை எவரும் உபதொழில் எனக் கூறியதுமில்லை. பிழைப்பு என்றே கூறினர். மாதச் சம்பளம் என்ற ஒன்று ஊருக்குள் வந்த பின்னரே அதன் ஓரத்தில் நிற்பனவற்றுக்குத் தனிப்பெயர் தேவைப்பட்டது.

வேளாண்மை என்னும் சொல் எங்கள் பகுதியில் நெற்செய்கையை மாத்திரமன்றி வயலில் நிற்கும் பயிரையும் குறிக்கும். ‘வேளாண்மை குடலையாகிவிட்டது’ என்பர். இவ்வேளாண்மையின் நவீன வரலாறு தேசாதிபதி ஹென்றி வார்டின் காலத்திலிருந்து தெளிவாகத் தெரிகின்றது. 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் நீர்ப்பாசன வழமைகளுக்குச் சட்ட வலுவளித்தது. அவரது காலத்தில் இறக்காமம், அம்பாறைக் குளங்கள் திருத்தப்பட்டன. பரந்த வயல்களையுடையோர் போடியார் எனப்பட்டனர். அவர்தம் வயலில் முல்லைக்காரர் தலைமையில் வயற்காரர் தங்கியிருந்து உழைத்து, களவெட்டி எனப்படும் சூடடிக்கும் களத்திலே நெல்லாகப் பங்கு பெற்றனர். நீர் பாய்ச்சுவதை மேற்பார்வை செய்த வட்டை விதானைக்கும் விளைச்சலிலிருந்தே பங்கு. ஊரின் பொதுப்பணி யாவும் நெல்லாலேயே அளக்கப்பட்ட அக்காலத்திற் காசாக ஒரு சம்பளம் பெறுவதே அருமை.

அந்த அருமையைப் பரவலாக்கியது கல்வியே. 1940களில் அட்டாளைச்சேனையில் தோன்றிய ஆசிரியகலாசாலை, 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி ஆகியவற்றின் பயனாக இக்கரையில் ஓர் ஆசிரியர் வகுப்பு உருவாயிற்று. 1956இன் அரசகரும மொழிச் சட்டத்தின் பின்னர் தமிழ்மொழி மூலம் கற்றோர்க்கு எழுதுவினைஞர் முதலிய பதவிகள் அரிதாயின. ஆசிரியத் தொழிலே எஞ்சிய பெருவாயிலாயிற்று. 1960–63 காலப்பகுதியிலும் 1970–77 காலப்பகுதியிலும் கல்வி அமைச்சராயிருந்த பதியுதீன் மஹ்மூத் முஸ்லிம் ஆசிரியர் நியமனங்களைப் பெருக்கினார். ‘மாஸ்டர்’ என்னும் பெயர் மரியாதைக்குரியதாயிற்று.

கிழக்குக் கரையின் முஸ்லிம்களிடையே தாய்வழிக் குடிமுறையும், மணமகன் மனைவியின் வீட்டிற் சென்று வாழும் வழக்கமும் உண்டென்பதை அக்கரைப்பற்றில் நெடுங்காலம் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்றே விரிவாகக் காட்டியுள்ளார். வீடும் வயலும் பெண்மக்களுக்குச் சீதனமாகச் செல்வன. மாதச் சம்பளம் பெறும் மாப்பிள்ளைக்குச் சீதனச் சந்தையில் மதிப்பேறியதில் வியப்பில்லை. ஆகவே மாஸ்டரின் உபதொழிலாகிய வயல் பல குடும்பங்களில் மாஸ்டருக்குரியதே அன்று, மனைவியின் உரித்து. என் வாப்பாவின் கொப்பியிலும் வயலைக் குறிக்கும் இடத்தில் எங்கள் மூத்தம்மாவின் பெயரே காணப்படுகின்றது. அவ்வயலை உம்மாவுக்குக் கொடுத்தவர் அவர். இத்தகைய குடும்பத்தில் வயல் முன்னமே இருந்தது. சம்பளம் அதற்குள் பின்னர் வந்து சேர்ந்தது. உபம் எது என்பதைக் காலவரிசைப்படி தீர்ப்பதாயின் சம்பளத்தையே அவ்வாறு கூறவேண்டும்.

வந்து சேர்ந்த சம்பளம் வயலுக்கு யாது செய்தது? இவ்விடயமே சற்று விரிவாக நோக்கத்தக்கது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் கீழ்ப் பட்டிப்பளை ஆறு இங்கினியாகலையில் மறிக்கப்பட்டுச் சேனாநாயக்க சமுத்திரம் உருவாயிற்று. மழையையும் சிறு குளங்களையும் நம்பியிருந்த வயல்கள் பலவற்றில் இரு போகம் செய்வது இயல்வதாயிற்று. 1950களின் இறுதியில் எச்-4 என்னும் நெல்லினமும், 1970 அளவில் பத்தலகொடையிலிருந்து பீ.ஜீ. 11-11 முதலிய இனங்களும் வந்தன. இப்புதிய இனங்கள் பசளையை வேண்டி நின்றன. எருமை பூட்டி உழுத இடத்தில் உழவு யந்திரம் வந்தது. பசளைக்கும் யந்திரத்துக்கும் நெல்லளக்க முடியாது, காசு வேண்டும், அதுவும் அறுவடைக்கு முன்பே வேண்டும்.

இங்குதான் மாஸ்டருக்கும் சாதாரண விவசாயிக்கும் இடையிலான வேறுபாடு தொடங்குகின்றது. விவசாயி விதைப்புக் காலத்தில் வணிகரிடம் கடன்பட்டான். அறுவடையின்போது, நெல் மலிந்து விலை வீழ்ந்திருக்கும் அதே வாரத்திலே, களத்தில் வைத்தே நெல்லைக் கொடுத்துக் கடனை அடைத்தான். மாஸ்டருக்கோ மாதந்தோறும் காசு வந்தது. பசளையைக் கைக்காசுக்கு வாங்கினார்; நெல்லை மூடையாக்கி வீட்டில் அடுக்கினார்; விலை ஏறியபின் விற்றார். இருவரது வயலும் ஒரே வட்டையில், ஒரே வாய்க்காலில், ஒரே விளைச்சலைத் தந்திருப்பினும் மிச்சம் ஒருவருக்கே. மேலதிக வருமானம் மேலதிக உழைப்பால் வருவது என்பது பொதுவான எண்ணம். இங்கு அது காத்திருக்கும் வல்லமையால் வந்தது. அவ்வல்லமையை அளித்தது சம்பளம். அவ்வாறு சேர்ந்த மிச்சம் அயலவனின் வயலை ஈட்டுக்குப் பிடிக்கவும் உதவியிருத்தல்கூடும் என்பதை, ஆசிரியரின் மகனாகிய நான் சற்றுக் கூச்சத்துடனேயே எழுதுகின்றேன்.

பாடசாலை நேரமும் இதற்கு இசைந்தது. நண்பகல் கடந்து சிறிது நேரத்தில் மணி அடித்துவிடும். முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு மாதத்தில் நீண்ட விடுமுறை உண்டு. பிறைக் கணக்கு ஆண்டுக்கு ஏறத்தாழப் பதினொரு நாள் பின்வாங்குவதால் அவ்விடுமுறை முப்பத்து மூன்று ஆண்டுகளில் ஒருமுறை எல்லாப் பருவங்களையும் சுற்றிவருகின்றது. 1978இல் றமழான் ஓகஸ்ட் மாதத்தில் வந்து சிறுபோக அறுவடையைச் சந்தித்தது. 1990களின் முற்பகுதியில் மாசி, பங்குனி மாதங்களில் வந்து மாரி வெட்டோடு பொருந்தியது. 2025இல் மீண்டும் பங்குனி. இவ்வாறு பொருந்தும் ஆண்டுகளில் மாஸ்டர் வயலிலே நிற்பார். பொருந்தா ஆண்டுகளில் லீவுக் கடிதங்கள் பெருகும். பழைய வரவுப் பதிவேடுகளையும் அறுவடை நாட்களையும் ஒப்புநோக்கும் ஆய்வொன்றை எவராவது மேற்கொள்வாராயின் அது சுவையான முடிவுகளைத் தரும் என நம்புகின்றேன். அவ்வகுப்பறைகளில் ஆசிரியரின்றி அமர்ந்திருந்த மாணவரும் இக்கணக்கில் ஒரு செலவே.

வயலில் உண்மையாக உழைத்தவர் நிலை யாது? பிலிப் குணவர்தனாவின் முயற்சியால் நிறைவேறிய 1958ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நெற்காணிச் சட்டம் குத்தகை விவசாயியை வெளியேற்ற முடியாதவாறு பாதுகாக்க முற்பட்டது. நிலவுடைமையாளருக்குரிய வாரத்தை ஏக்கருக்குப் பன்னிரண்டு புசல் அல்லது விளைச்சலின் காற்பங்கு, இவற்றுட் குறைந்தது என வரையறுத்தது. ஆயின் நாடெங்கும் நிகழ்ந்தது பாதுகாப்பு மாத்திரமன்று. சட்டத்துக்கு அஞ்சிய உடைமையாளர் பலர் ‘நானே செய்கின்றேன்’ எனக் கூறிக் குத்தகைக்காரரை அகற்றினர். சட்டம் குத்தகைக்காரனைக் காத்தது, கூலியாளைக் காக்கவில்லை. ஒரே மனிதனை எப்பெயரால் அழைப்பது என்பதிலேயே அவனது உரிமை தங்கியிருந்தது. சம்பளமுள்ள உடைமையாளருக்கு ‘நானே செய்கின்றேன்’ எனச் சொல்வது எளிதாயிற்று. ஏனெனில் நாட்கூலியைக் காசாகக் கொடுக்க அவரால் முடிந்தது. களவெட்டியில் நெற்பங்கு பெற்ற வயற்காரன் நாட்சம்பளக்காரனாக மாறிய நெடுங்கதையில் யந்திரத்துக்குள்ள பங்கு எல்லோரும் அறிந்தது. மாதச் சம்பளத்துக்குள்ள பங்கு அத்துணை பேசப்படுவதில்லை. ஒருவருக்கு உபதொழிலாக இருந்த வயல் மற்றொருவருக்கு ஒரே தொழிலாக இருந்தது.

மருதமுனையின் நிலை இதனின்றும் வேறு. அது தறிகளின் ஊர். மருதமுனைச் சாறனும் சேலையும் நாடறிந்தவை. 1970–77 காலப்பகுதியில் இறக்குமதிகள் கட்டுப்படுத்தப்பட்டபோது உள்ளூர்த் துணிக்குக் கேள்வி மிகுந்தது. 1977இன் பின் திறந்த பொருளாதாரத்தில் வெளிநாட்டுத் துணிகள் வந்து குவிந்தபோது கைத்தறி தளர்ந்தது. இவ்வேற்றத் தாழ்வை நூல்கள் கூறுகின்றன. தறியில் அமர்ந்தவர் நெசவாளர் என்று அட்டவணையில் ஏறினார். அவருக்குத் தார் சுற்றிக் கொடுத்த மனைவியும் மகளும் எதில் ஏறினர்? நிந்தவூரிலும் ஒலுவிலிலும் பாலமுனையிலும் சமையலையும் பிள்ளைகளையும் கவனித்த நேரம் போக எஞ்சிய பகற்பொழுதில் பன் கிழித்து, சாயமிட்டு, பாய் இழைத்த பெண்கள் எதில் ஏறினர்? ‘தொழில் இல்லை’ என்னும் நிரலில் என்பதே விடை. முழுநேரத் தொழிலுடன் மேலதிகமாக உழைத்தவர்களைத் தேடுவோமாயின் இவர்களையே முதலிற் குறிப்பிடவேண்டும். வீட்டுவேலைக்கு ஓய்வு நாளுமில்லை, ஓய்வூதியமுமில்லை. எங்கள் மூத்தம்மா பாய் விற்ற காசில் வாப்பாவுக்கு ஆசிரியகலாசாலைக் காலத்தில் உதவினார் என்பதை உம்மா சொல்லக் கேட்டிருக்கின்றேன். அது எந்தக் கொப்பியிலும் எழுதப்படவில்லை.

போர்க்காலம் இவ்வொழுங்கைத் தலைகீழாக்கியது. 1980களின் நடுப்பகுதியிலிருந்து, குறிப்பாக 1990இன் பின்னர், ஊருக்குத் தொலைவில் மேற்கேயுள்ள வயல்களுக்குச் செல்வது உயிருக்கு ஆபத்தான பருவங்கள் பல வந்தன. விதைத்தவர் வெட்டவியலாமலும், வெட்டியவர் கொண்டுவரவியலாமலும் போயினர். வயல் இருந்தும் இல்லாததாயிற்று. அக்காலத்தில் அடுப்பெரித்தது சம்பளமே. அதுவரை வேளாண்மைக்கு ஊன்றுகோலாயிருந்த சம்பளம் குடும்பத்தின் நடுத்தூணாயிற்று. 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை அம்பாறைக் கரையில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கடலோர வளவுகளோடு தறிகளும் வலைகளும் அழிந்தன. அன்றும், தப்பிய குடும்பங்களுள் மாதச் சம்பளமுள்ளவை முதலில் எழுந்தன. இரு தொழில் செய்தும் சம்பளமில்லாதவை பிந்தின.

பிரத்தியேக வகுப்புகளைப் பற்றி இங்கு விரித்தெழுத வேண்டியதில்லை. இதை வாசிக்கும் மாணவருள் அவற்றுக்குப் பணம் செலுத்தாதவர் அரியர். வயலைவிட அதில் மழைப் பயமில்லை என்று மாத்திரம் சொல்லலாம்.

ஸ்ரான்லிப் பிரபு மூடிய கதவை அரசே திறந்த காட்சியையும் எம் தலைமுறை கண்டது. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளையின் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் தடை நீங்கியபோது மாரி வேளாண்மை ஏற்கெனவே வாடியிருந்தது. 2022இல் நாட்டின் அந்நியச் செலாவணி வற்றி, எரிபொருளுக்கும் உணவுக்கும் வரிசைகள் நீண்ட வேளையில், அவ்வாண்டு ஜூன் மாதம், அத்தியாவசிய சேவைகள் நீங்கலாக அரச ஊழியர்க்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை அளித்து வீட்டுத்தோட்டம் முதலிய பயிர்ச்செய்கையில் ஈடுபடுமாறு அமைச்சரவை தீர்மானித்தது. வெளிநாடு சென்று உழைக்க விரும்புவோர்க்கு ஐந்தாண்டு வரை சம்பளமற்ற லீவும் வழங்கப்பட்டது. சம்பளத்தின் பெறுமதியைக் காக்க முடியாத அரசு, 1833இல் போலவே, ஊழியரை மண்ணை நோக்கி அனுப்பியது. வெள்ளிக்கிழமை எங்கள் ஊர்களில் ஜும்ஆவுக்குரிய நாள். அன்று முற்பகலில் வயலுக்கு இறங்குவோர் குறைவு என்பதை நினைத்து ஊரிற் பலர் நகைத்தனர்.

வாப்பாவின் கொப்பியில் அம்மாரிக்குரிய பக்கம் ஒன்றுண்டு. பசளைக்கெதிரே வெறுமையாக விடப்பட்டுள்ளது. வெட்டுக்கூலிக்கெதிரே யந்திரத்துக்குரிய தொகை மட்டும் எழுதப்பட்டுள்ளது. முந்திய பக்கங்களில் வயலில் நின்று வெட்டியோரின் பெயர்கள் வரிசையாய் இருந்த இடத்தில் இப்போது ஒரு கோடு. அதன் கீழே, அவ்வாண்டு முதன்முறையாக, ‘உம்மாவின் பாய்க்காசு’ என ஒரு வரவு பென்சிலால் எழுதப்பட்டிருக்கின்றது.